வளர்ப்புப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஊரார் என்ன செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெற்றோரோடு இருக்க முடியாத பிள்ளையைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்க்கிற குடும்பங்கள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நிறைய. சில வீடுகளில் நீதிமன்றக் கட்டளை இருக்கும், பல வீடுகளில் "பிள்ளை அம்மம்மாவோட இருக்கு" என்பதைத் தவிர ஒரு துண்டுக் கடுதாசியும் இருக்காது. இந்த வீடுகளுக்கு அக்கம்பக்கத்தார், மாதர் சங்கம், கோயில் பள்ளிவாசல் ஆட்கள், ரீச்சர்மார் எப்படிக் கைகொடுக்கலாம் என்று எங்கள் பக்கத்துக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை, அரச உத்தியோகத்தரும் இல்லை. ஊர்ச் சங்கத்தில் இருந்துகொண்டு இப்படியான சில வீடுகளுக்காக ஓடித்திரிகிற ஆள். சட்டம் பற்றி வருகிற இடத்தில் பொதுவாக உள்ளதைச் சொல்கிறேன். ஒரு குறிப்பிட்ட பிள்ளையின் விஷயமென்றால் நன்னடத்தை உத்தியோகத்தரிடம்தான் (பாதுகாப்புத் தேவைப்படுகிற பிள்ளைகளின் விஷயத்தைப் பார்க்கிற அரச அலுவலர்) போக வேண்டும்.

வளர்ப்புக் குடும்பம் என்றால் தத்தெடுத்த குடும்பம்தானே?

இல்லை. தத்தெடுப்பது 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றத்தில் நடக்கிற காரியம். அது முடிந்தால் சட்டப்படி அந்தப் பிள்ளை அந்தப் பெற்றோரின் பிள்ளை, புதுப் பிறப்புச் சான்றிதழும் வரும். வளர்ப்பில் அப்படி ஒன்றும் மாறாது. பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர் எல்லாம் இருந்தபடியே இருக்கும், பெற்ற வீட்டுக்குத் திரும்பிப் போகிற வழியும் திறந்தே இருக்கும். 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டத்தில், பாதுகாப்புத் தேவைப்படுகிற பிள்ளையை ஒரு உறவினரிடமோ பொருத்தமான வேறொருவரிடமோ ஒப்படைக்கும்படி நீதிமன்றம் கட்டளை போட இடமிருக்கிறது. கட்டளையோடு பிள்ளை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இந்த வழியால் வந்தவர்கள்தான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 'செவன சரண' வளர்ப்புப் பெற்றோர் திட்டம் என்று ஒன்று நன்னடத்தைத் திணைக்களத்தில் இருக்கிறது. அதில் வசதியுள்ள ஒருவர் வறுமைப்பட்ட பிள்ளைக்குப் பண உதவி செய்வார், பிள்ளை தன் வீட்டிலேயே இருக்கும். நல்ல திட்டம், ஆனால் இந்தப் பக்கத்தில் நான் கதைப்பது பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களைப் பற்றி.

அம்மம்மா பார்ப்பதற்கெல்லாம் ஊர் உதவி எதற்கு? அது அவர்கள் குடும்ப விஷயம்தானே?

இதைக் கேட்காத கூட்டமே இல்லை. எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண் பிள்ளைக்குப் போகிற வழக்கம், அதனால் அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா எல்லாரும் ஒரே வளவுக்குள், பிள்ளை எந்த அடுப்பில் சாப்பிட்டாலும் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை என்றொரு காலம் இருந்தது. இப்போதும் சில இடங்களில் இருக்கிறது. ஆனால் யுத்தம் அந்த வளவுகளில் பாதியைக் கலைத்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி நாவலடி, கல்லடியிலிருந்து மருதமுனை, பாண்டிருப்பு, திருக்கோவில் வரை கரையோர வளவுகளை அப்படியே கொண்டுபோனது, மறுகா வீட்டுத்திட்டத்தில் அக்கா ஒரு பக்கமும் தங்கச்சி ஒரு பக்கமுமாகப் போனார்கள். அதோடு தாய்மார் குவைத்துக்கும் சவூதிக்கும் போகத் தொடங்கினார்கள். இன்றைக்கு "அம்மம்மா பார்க்கிறா" என்றால் அறுபத்தைந்து வயதில் சீனி வருத்தத்தோடு ஒரு மனுசி, இரண்டு பிள்ளைகள், கூப்பிட்ட குரலுக்கு வர ஆளில்லை என்றுதான் பல இடத்தில் அர்த்தம்.

அந்த மனுசிக்குக் கை தளர்ந்தால் பிள்ளை எங்கே போகும்? இல்லத்துக்கு. இலங்கையில் சிறுவர் இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள், ஒருவருமே இல்லாத பிள்ளைகள் குறைவு. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009இல் ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்கள் வறுமையை மட்டும் காரணம் காட்டி ஒரு பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்கின்றன. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை குடும்பச் சூழலில்தான் வளர வேண்டும், சகோதரங்களைப் பிரிக்கக் கூடாது, பழகிய ஊருக்குக் கிட்டவே வைத்திருக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. இதையெல்லாம் வாசித்துக் காட்டினால் எல்லாரும் தலையாட்டுவார்கள். ஆனால் இல்லத்துக்குக் கட்டடம் கட்ட வருகிற நன்கொடை ஒரு அம்மம்மாவின் குசினிக்கு வருவதில்லை, குசினியில் பெயர்ப்பலகை மாட்ட முடியாதே.

பிள்ளை வந்து சேர்ந்த முதல் கிழமையில் என்ன செய்யலாம்?

முதலில், பார்க்கப் போகாதீர்கள். புதுப் பிள்ளை வந்திருக்காம் என்று பிஸ்கட் பெட்டியோடு ஐந்தாறு பேர் படலையைத் திறந்துகொண்டு போவது நல்ல மனதில்தான். ஆனால் அந்தப் பிள்ளை கட்டிலுக்குக் கீழே போய் ஒளிந்ததைக் கண்டவர்கள் திரும்பப் போக மாட்டார்கள். ஒரு ஆள் போதும். அந்த வீட்டோடு ஏற்கெனவே பழக்கமான ஒருத்தி போய், முற்றத்தில் நின்று, "என்ன வேணும் அக்கா?" என்று கேட்டுவிட்டு வரட்டும்.

வேண்டியது பெரும்பாலும் சின்னச் சாமான்கள்: அளவான உடுப்பு, உள்ளுடுப்பு (இதை யாருமே கொடுப்பதில்லை, எல்லாரும் பழைய சட்டைதான் கொடுப்பார்கள்), ஒரு பாய், ஒரு தலையணை, செருப்பு, பல் தூரிகை. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையென்றால் அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்குச் சொல்ல வேண்டும். நிறை பார்ப்பது, தடுப்பூசி, தேவையென்றால் திரிபோஷ சத்துமா, எல்லாம் அவர் பதிவுக்கு வந்தால்தான் நடக்கும். பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடு பழைய வீட்டில் கிடக்கலாம், அதை யாராவது போய் எடுத்துவர வேண்டும். மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற ஒரு தம்பி ஒரு பின்னேரம் செலவழித்தால் முடிகிற வேலை, வயதான பெண்ணுக்கு இரண்டு பஸ் மாறி ஒரு முழு நாள்.

காசு கொடுத்தால் போதாதா? எங்களுக்கு நேரமில்லை.

காசும் வேண்டும், வெட்கப்படாமல் கொடுங்கள். ஆனால் எப்படிக் கொடுப்பது என்று யோசியுங்கள். தைப்பொங்கலுக்கு ஒருவர் இருபதாயிரம் கொடுத்து, படம் எடுத்து, போய்விடுவார். மாசி மாதம் அந்த வீட்டில் மண்ணெண்ணெய்க் கடன். அதைவிட மாதம் ஆயிரம் ரூபா ஒழுங்காக வருவது மேல், அந்த மனுசி அதை நம்பி ஒரு சாமானுக்குக் கணக்குப் போடலாம்.

செலவு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கம் இலவசமாகத் தருகிறது, தைக்கிற கூலி தராது. சப்பாத்து, கொப்பி, பஸ் சீசன், ரியூசன் காசு இவைதான் கடிக்கும். ஊரில் தையல் தெரிந்த ஒருத்தி ஜனவரியில் இரண்டு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தால் அது பெரிய உதவி. கடைக் கொப்பியில் இருக்கிற கடனை அந்த வீட்டுக்காரருக்குச் சொல்லாமல் போய்க் கட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள். நல்ல நோக்கம்தான், ஆனால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வது மரியாதை. கடைக்காரர் நாலு பேருக்குச் சொல்லாமல் இருக்கமாட்டார்.

ஊரில் மரண உதவிச் சங்கம் இருக்கிறதல்லவா? மாதாமாதம் வீடு வீடாகக் காசு சேர்த்து, சாவு வீட்டில் கூடாரமும் கதிரையும் தேத்தண்ணியும் யாரும் கேட்காமலே வந்து நிற்கிற ஏற்பாடு. அதே கொப்பியில் இன்னொரு பக்கம் போடுங்கள். 40 வீடு மாதம் 100 ரூபா கொடுத்தால் 4,000. அதை வைத்து ஊரில் இருக்கிற இரண்டு வீட்டுப் பள்ளிக்கூடச் செலவைத் தாங்கலாம். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறார்கள், புதுச் சங்கம் பதிய வேண்டியதில்லை. அந்த வீடு அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு பெறுகிற வீடென்றால் வீட்டு விபரத்தில் பிள்ளையும் இருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் விசாரித்துக் கொடுப்பதும் ஒரு உதவிதான்.

சரி, காசில்லாமல் வேறு என்ன தேவை?

ஓய்வு. இதை நான் இன்னும் பெரிய எழுத்தில் எழுதியிருக்க வேண்டும்.

வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் ஒரு அம்மம்மாவிடம் என்ன உதவி வேணும் என்று கேட்டோம். அரிசி, தகரம், மலசலகூடம் என்று ஏதாவது சொல்லுவா என்று கொப்பியும் கையுமாக இருந்தோம். அவ கேட்டது மாதத்தில் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை, யாராவது வந்து பேரனோடு இருக்க வேண்டும் என்பது. ஆஸ்பத்திரியில் சீனி வருத்த கிளினிக். விடிய நாலரைக்கு எழும்பி, தோணியோ பஸ்ஸோ பிடித்துப் போய் நம்பர் எடுத்தால்தான் பகலுக்குள் மருந்து கையில் வரும். நாலு வயதுப் பொடியனைத் தூக்கிக்கொண்டு அந்த வாங்கில் அவவால் இருக்க முடியவில்லை. அதனால் பல மாதமாக மருந்து எடுக்கவே போகவில்லை. காலில் ஒரு புண், அதற்குப் பழந்துணி சுற்றியிருந்தது. அந்தப் புண்ணைக் காட்டவும் அவவுக்கு விருப்பமில்லை, "பிள்ளையைப் பார்க்க ஏலாதெண்டு எழுதிப்போடுவாங்க" என்று பயம்.

இந்தப் பயம் பல வீட்டில் இருக்கிறது. களைப்பு என்று சொன்னால் பிள்ளையைப் பறித்துவிடுவார்கள் என்று நினைத்துச் சொல்லாமல் இருப்பார்கள், சொல்லாமல் இருந்து இருந்து ஒருநாள் தாங்களே கொண்டுபோய் இல்லத்தில் விடுவார்கள். அதனால் ஊரார் கேட்கும்போது "உங்களால ஏலுமா?" என்று கேட்காமல், "எந்த நாள் நாங்க வந்து நிக்கிறது?" என்று கேளுங்கள்.

செய்கிற விதம் இப்படி. ஒரே ஆள், அல்லது மாறி மாறி இரண்டே பேர், பிள்ளைக்கு முகம் பழகினவர்கள். ஒவ்வொரு கிழமையும் புது மாமி வந்தால் பிள்ளைக்கு அது இன்னொரு வீடு மாறுவது. பிள்ளையை வெளியே கொண்டுபோகாமல் அந்த வீட்டிலேயே போய் இருங்கள். நாலு பேர் கண்ணில் படுகிற இடத்தில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. யாராக இருந்தாலும், எவ்வளவு நல்ல ஆளாக இருந்தாலும், கதவு மூடிய அறைக்குள் பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது என்பதை முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள், அப்போது யாரும் தன்னைச் சந்தேகப்பட்டதாக நினைக்க மாட்டார்கள். நீதிமன்றக் கட்டளை உள்ள பிள்ளையென்றால் இந்த ஏற்பாட்டை நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் தெரியப்படுத்துங்கள்.

யாருடைய பிள்ளை, என்ன குடி என்று கேட்கலாமா?

கேட்காதீர்கள். குடி என்கிற எங்கள் பக்கத்துக் குலப்பிரிவு தாய்வழியில் வருவது. எந்த வீட்டில் வளர்ந்தாலும் அது பிள்ளையோடு இருக்கும், ஒருவரும் கொண்டுபோக முடியாது. கோயில் சடங்குக்கோ பிறகு கலியாணத்துக்கோ தேவைப்பட்டால் அந்த வீட்டுப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கடை வாசலில் வைத்து ஏழு வயதுப் பிள்ளையிடம் "உன்ட அம்மா எங்க மனே, ஏன் விட்டிட்டுப் போனா?" என்று விசாரிக்கிற பழக்கம் நம்மூரில் இருக்கிறதே, அதை நிறுத்தினால் நான் மேலே சொன்ன 4,000 ரூபாவைவிடப் பெரிய உதவி. பிள்ளையின் தகப்பன் மறியலில் இருக்கிறார், தாய்க்கு மனவருத்தம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்கக் கதைக்காதீர்கள். அடுத்த நாள் அது பள்ளிக்கூடத்தில் இருக்கும்.

பிள்ளையின் படத்தை முகநூலில் போட்டு உதவி கேட்கலாமா?

வேண்டாம். முகத்தை மறைத்தும் வேண்டாம், ஊருக்கு அந்தச் சுவரும் அந்தச் சட்டையும் தெரியும்.

பெற்ற தாய் வந்துபோவது பிள்ளையைக் குழப்பாதா?

குழப்பும். வந்து போன அன்று இரவு பிள்ளை சாப்பிடாது, இரண்டு நாள் யாரோடும் கதைக்காது. அதைப் பார்த்துவிட்டு "அவள வரவிடாத, பிள்ளைக்குக் கூடாது" என்று ஊரார் புத்தி சொல்லுவார்கள். ஆனால் வராமல் விட்ட தாயைப் பற்றிப் பிள்ளை தனக்குள் கட்டுகிற கதை அதைவிடக் கூடாது. பிள்ளைக்கு ஆபத்து என்று நீதிமன்றமோ உத்தியோகத்தரோ தடுத்திருந்தால் அது வேறு, அதை அப்படியே மதிக்க வேண்டும். மற்றபடி வருகை ஒழுங்காக, சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் நடக்க ஊரார் உதவலாம். வளர்க்கிற வீட்டுக்கும் பெற்ற வீட்டுக்கும் முகம் கொடுக்க முடியாத கோபம் இருந்தால் நடுவில் ஒரு பொதுவான வீட்டில், ஒரு ரீச்சர் வீட்டு விறாந்தையில், சந்திக்க இடம் கொடுக்கலாம். தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கிற தாய்க்கு வட்ஸ்அப் அழைப்புதான் வருகை. அங்கே வேலை முடிகிற நேரம் இங்கே பிள்ளை தூங்கிவிடும், அம்மம்மாவுக்குப் போன் பிடிக்கத் தெரியாது, டேட்டா முடிந்திருக்கும். வெள்ளிக்கிழமை பின்னேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளை தன் போனோடு வந்து அரை மணித்தியாலம் இணைத்துக் கொடுத்தால் போதும். அந்த அரை மணித்தியாலம் தாய் "நான் அனுப்பின காசு எங்க?" என்று அம்மம்மாவோடு சண்டை பிடிப்பதில் போகாமல் பார்க்கவும் ஒரு சாமர்த்தியம் வேண்டும், காசுக் கதையைப் பிள்ளை இல்லாத நேரத்தில் வேறாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பள்ளிக்கூடத்தில் ரீச்சர்மார் என்ன செய்யலாம்?

"நாளைக்கு அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்று வகுப்புக்கு முன்னால் சொல்லாமல் "வீட்டில இருந்து ஒரு பெரியாள்" என்று சொல்லலாம். முன்னேற்ற அறிக்கையில் பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் அம்மம்மாவின் பெருவிரல் அடையாளம் வந்தால் அதை மற்றப் பிள்ளைகள் பார்க்கும்படி தூக்கிப் பிடிக்காமல் இருக்கலாம். 'எனது குடும்பம்' என்று கட்டுரை எழுதச் சொன்னால், யாரைப் பற்றி எழுத விருப்பமோ அவர்களைப் பற்றி எழுது என்று வகுப்பு முழுவதற்கும் பொதுவாகச் சொல்லிவிட்டால் ஒருவருக்கும் தனியாக விளக்கம் சொல்லத் தேவையில்லை.

இதைவிட முக்கியம் ஆவணம். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளை முதலாம் வகுப்புக்கு வரும்போதே தெரியவரும், அப்போது எல்லாரும் "பிறகு பார்ப்போம்" என்பார்கள். பிறகு பதினைந்து வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது, சாதாரண தரப் பரீட்சை நெருங்கிய நேரத்தில், ஓட்டம் தொடங்கும். காலங்கடந்த பிறப்புப் பதிவுக்குப் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்கலாம், பிள்ளை பிறந்ததை உறுதிப்படுத்துகிற ஆவணங்கள் கேட்பார்கள். எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தது என்பதற்குக் கடுதாசி தேடுவதுதான் கஷ்டம். பென்சன் எடுத்த ஒரு கிளார்க் ஊரில் இருந்தால் இந்த வேலையை அவரிடம் கொடுங்கள். அவருக்கும் பொழுது போகும், படிவம் நிரப்புவதில் ஆள் கெட்டிக்காரராகவும் இருப்பார்.

நாங்கள் முஸ்லிம்கள். மார்க்கத்தில் தத்தெடுப்பு இல்லையே, இது எங்களுக்குப் பொருந்துமா?

வளர்ப்பு உங்களுக்கு இன்னும் நன்றாகவே பொருந்தும். பிள்ளையின் வம்சத்தையும் தகப்பன் பெயரையும் மாற்றக் கூடாது என்பதுதான் அங்கே முக்கியம், வளர்ப்பில் அது மாறுவதே இல்லை. அநாதைப் பிள்ளையைப் பொறுப்பேற்பதை மார்க்கம் எவ்வளவு உயர்வாகச் சொல்கிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளை வளர்ந்த பிறகு வருகிற மஹ்ரம் (யார் யாருக்கு முன்னால் திரையில்லாமல் இருக்கலாம் என்கிற உறவு முறை) சம்பந்தமான கேள்விகளை ஒரு நல்ல மௌலவியிடம் முன்கூட்டியே கேட்டுவைத்தால் பதின்ம வயதில் திடீரென்று வீட்டுக்குள் திரை விழுகிற நிலை வராது. காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்று, சம்மாந்துறை மாதிரி ஊர்களில் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் வீடு வீடான விபரம் இருக்கும், ஸகாத் பட்டியல் போடும்போது பிள்ளை வளர்க்கிற உறவினர் வீடுகளையும் விட்டுவிடாதீர்கள் என்று யாராவது எழுந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

பிள்ளை களவெடுக்கிறது, பொய் சொல்கிறது, பத்து வயதிலும் பாயில் சலம் போகிறது. இப்படியான பிள்ளையை எப்படி வைத்திருப்பது?

இவை மூன்றும் வீடு மாறிய பிள்ளைகளிடம் சாதாரணமாகக் காண்பவைதான். சாப்பாட்டைக் களவெடுத்து ஒளிக்கிற பிள்ளைக்கு அடுத்த வேளை வரும் என்ற நம்பிக்கை இன்னும் வரவில்லை, ஒரு டப்பாவில் பிஸ்கட்டோ சோளமோ போட்டு "இது உன்ட, எப்ப வேணுமெண்டாலும் எடு" என்று கொடுத்துப் பாருங்கள். சில மாதத்தில் டப்பா மறந்துபோகும். பாய் நனைப்பதற்கு அடித்தால் இன்னும் கூடும். காலையில் சத்தமில்லாமல் பாயைக் கழுவிப் போடுங்கள், பக்கத்து வீட்டார் வேலியால் எட்டிப்பார்த்து "இண்டைக்குமா?" என்று கேட்காமல் இருந்தாலே புண்ணியம்.

மாதக்கணக்கில் குறையாமல் இருந்தாலோ, பிள்ளை தன்னைத்தானே காயப்படுத்தினாலோ, இரவில் அலறினாலோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகலாம். 'விசராஸ்பத்திரி' என்று ஊரில் சொல்லிச் சிரிக்கிற கதையை விடுங்கள். யுத்த காலத்திலேயே, 1996இல், மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கி, யுத்தத்தைக் கண்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒன்றாக விளையாடவும் மண்ணில் உருவம் செய்யவும் கதை கட்டவும் விட்டார்கள். அருட்தந்தை போல் சற்குணநாயகம் அதில் முன்னின்றவர். பிள்ளையின் மனதுக்கு விளையாட்டும் மருந்து என்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை. பின்னேரம் பிள்ளையை விளையாட்டுக் கழகப் பொடியன்கள் மைதானத்துக்குச் சேர்த்துக்கொண்டு போவதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். பந்து பொறுக்கிப் போட விட்டாலும் சரி.

பெண் பிள்ளை சாமத்தியப்பட்டால் யார் செய்வது?

இதற்கு யோசிக்கவே தேவையில்லை என்று நினைப்பீர்கள், ஆனால் இந்த நேரத்தில்தான் பல வீடுகள் தடுமாறுகின்றன. மாமன் முறைக்கு ஆள் இல்லை, தாய் மாமி யாரென்று தெரியாது, தண்ணி வார்க்க யாரைக் கூப்பிடுவது, செலவு யாருடையது, ஊருக்குச் சொல்லலாமா கூடாதா என்று மனுசி ஒருத்தியாக இருந்து அழுவா. பெற்ற பக்கத்து உறவு இருந்தால் அவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டும், வந்தால் மரியாதை அவர்களுக்கு. வராவிட்டால் அயலில் இருக்கிற பெண்கள் தாங்களாகவே போய் நிற்க வேண்டும். மண்டபம், வீடியோ எல்லாம் தேவையில்லை. உழுந்துக் களியும் நல்லெண்ணெயும் முட்டையும் நாள் முறை போட்டு ஆளுக்கொரு வீடு கொண்டுபோகலாம், சேலை ஒன்றை நாலு பேர் சேர்ந்து எடுக்கலாம். அந்த நாட்களில் உடம்பைப் பற்றி, பள்ளிக்கூடத்தில் துணி மாற்றுவதைப் பற்றி, யார் தொட்டாலும் சொல்ல வேண்டும் என்பதைப் பற்றிப் பிள்ளையோடு கதைக்க ஒரு நல்ல அக்காவை ஏற்பாடு செய்யுங்கள். அம்மம்மா கதைக்க மாட்டா.

சித்திரை வருஷத்தில் கைவிசேஷம் கொடுக்கும்போது தங்கள் பிள்ளைக்கு நூறும் அந்தப் பிள்ளைக்கு இருபதும் கொடுக்கிறவர்களுக்கு ஒரு சொல்: பிள்ளைகள் முற்றத்துக்குப் போனதும் எண்ணிப்பார்ப்பார்கள்.

மாரியில் வெள்ளம் வந்தால்?

நீதிமன்றக் கட்டளை, பிறப்புச் சான்றிதழ், வளர்ச்சிப் பதிவேடு மூன்றும் பொலித்தீன் பையில் போட்டு ஒரே இடத்தில் இருக்கட்டும், ஐப்பசியிலேயே செய்துவிடுங்கள். ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்து நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். முகாமுக்குப் போனால் பிள்ளையின் பெயரை அந்த வீட்டோடு சேர்த்துப் பதிகிறார்களா என்று பாருங்கள்.

அந்த வீட்டில் பிள்ளைக்கு அடி விழுகிறது, அல்லது வேறு விதமாக ஏதோ சரியில்லை என்று சந்தேகம். உதவி செய்கிற நாங்களே எப்படிக் காட்டிக்கொடுப்பது?

காட்டிக்கொடுக்கத்தான் வேண்டும். களைத்துப்போன அம்மம்மா ஒருநாள் சத்தம் போட்டதற்கு 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கச் சொல்லவில்லை. அங்கே போய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு அவவைக் கொஞ்சம் படுக்கவிட்டால் அன்றைக்கு அது தீரும். ஆனால் தழும்பு, சூடு, பட்டினி, பள்ளிக்கு விடாமல் வேலை வாங்குவது, பிள்ளை ஒரு ஆளைக் கண்டால் நடுங்குவது, இவையெல்லாம் கோயில் நிர்வாகத்துக்குள்ளோ பள்ளிவாசலுக்குள்ளோ பேசித் தீர்க்கிற விஷயங்கள் இல்லை. பாலியல் துன்புறுத்தல் என்றால் நிச்சயமாக இல்லை. "ஊர் மானம் போகும்" என்று அமுக்கினால் அடுத்த பிள்ளைக்கும் அதுதான் நடக்கும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 எந்த நேரமும் எடுக்கலாம், காசில்லை. பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பிரிவு இருக்கிறது. பிள்ளையிடம் நீங்களே துருவித் துருவி விசாரணை நடத்தாதீர்கள், சொன்னதைக் கேட்டு, நம்பி, உரிய இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

பிள்ளை பெற்ற வீட்டுக்குத் திரும்பிப் போகிறது. எங்கள் வேலை முடிந்ததா?

அந்த வீட்டில்தான் இப்போது வேலை. பிரிந்து போன காரணம் குடிப்பழக்கமோ வறுமையோ வருத்தமோ, அது முழுக்கத் தீர்ந்திருக்காது. இந்தப் பக்கத்துச் சங்கம் அந்த ஊர்ச் சங்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும். வளர்த்த வீட்டையும் விட்டுவிடாதீர்கள், அங்கே ஒரு ஆள் குறைந்த வீடு மாதிரித்தான் இருக்கும். நாலு வருஷம் வளர்த்த பிள்ளை போனதற்கு அழுதால் "உன்ட பிள்ளையா போச்சு?" என்று கேட்கிற வாய்கள் நம்மூரில் உண்டு. இரண்டு வீடும் தொடர்பு வைத்துக்கொள்ள விரும்பினால் லீவுக்குப் பிள்ளை வந்து நிற்கலாம், அதற்குப் பஸ் காசு ஒரு நல்ல செலவு.

எங்கள் ஊரில் இதை எப்படித் தொடங்குவது? எங்கே போய்க் கேட்பது?

புதுப் பெயர், பனர், ரீசேட் எதுவும் வேண்டாம். கிராம உத்தியோகத்தர் பிரிவில் கிராமிய சிறுவர் அபிவிருத்திக் குழு இருக்கிறதா என்று கேளுங்கள், பல இடங்களில் கடுதாசியிலாவது இருக்கும், அதற்கு உயிர் கொடுக்கலாம். இல்லையென்றால் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலிருந்து இரண்டு பேர், பென்சன் ரீச்சர் ஒருவர், ஓட்டோக்காரர் ஒருவர், இவ்வளவு போதும். ஓட்டோக்காரரைச் சும்மா சொல்லவில்லை, இரவு பதினொரு மணிக்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு ஓட அவர் ஒருவர்தான் இருப்பார். முதலில் ஒரே ஒரு வீட்டோடு தொடங்குங்கள், அந்த வீட்டாரிடம் கேட்டு, அவர்கள் வேண்டாம் என்று சொன்ன உதவியைத் திணிக்காமல்.

பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், நன்னடத்தை உத்தியோகத்தர் யாரென்று அவரே சொல்லுவார். பொதுமக்கள் வருகிற நாளில் போனால் ஆட்களைப் பிடிக்கலாம். போகும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், கதிரையில் இருத்தி வைத்துக்கொண்டு அதன் கதையை எல்லாருக்கும் முன்னால் சொல்ல வேண்டிவரும். கடுதாசிகளின் பிரதியை மட்டும் கொண்டுபோங்கள்.